இரைச்சலுக்கு அந்தப் பக்கம்

யாரோ குழாயை மூடிவிட்டார்கள்.

அண்ணனின் தலைமாட்டில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த குழாய்க்காரருக்கு அது உடனே தெரிந்துவிட்டது. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். மூக்கை உறிஞ்சுகிறவர்கள், குசுகுசுவென்று பேசுகிறவர்கள், ஐஸ் பெட்டியின் மோட்டார் வேறு. அத்தனைக்கும் அடியில், வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர்ச் சத்தம் நேற்றிலிருந்து வந்துகொண்டே இருந்தது. அது நின்றது. துக்கம் கேட்க வந்த ஒருவர் அவர் கையைப் பிடிக்கக் குனிந்த நேரம் பார்த்துக் குழாய்க்காரர் எழுந்து போய்விட்டார். அந்த மனிதர் காலி நாற்காலிக்கு ஆறுதல் சொல்ல வந்தவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. இந்த வீடு கட்டும்போது அவரே கட்டி, அவரே குழாய் வைத்தது. தொட்டிக்குள் மீன் ஒருக்களித்துக் கிடந்தது. வயிற்றின் வெளுப்பு தெரிந்தது. குழாயை விரல் தடிமனுக்குத் திறந்துவிட்டார். டிரவுட் மீனுக்கு நின்ற தண்ணீர் ஆகாது. குளிர்ந்து, விழுந்து, நுரைத்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கையால் அள்ளி அதன் முகத்தில் விட்டார். செவுள் ஒருமுறை அசைந்தது. கொஞ்சம் கழித்து இன்னொரு முறை. பிறகு மீன் தானாகவே நிமிர்ந்தது. தண்ணீர் விழுகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது, ஆற்றில் நிற்கிற மாதிரியே.

"யாரு மூடினது?"

"நான்தான்." சமையலறை வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அழுது முடித்த முகம் இல்லை. அழ ஆரம்பிக்காத முகம். "எனக்கு அந்தச் சத்தம் ஆகல கொழுந்தனாரே. நேத்துலருந்து யாரோ உள்ள உக்காந்து பேசிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. என்ன பேசறாங்கன்னும் புரிய மாட்டேங்குது."

"மூடினா செத்துடும் அண்ணி."

"சாகட்டுமே. சாகக் கூடாததெல்லாம் சாகுது."

அவர் குழாயை மூடவில்லை. அண்ணி தொட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்:

"அது என்னையே பாக்குது. வாயத் தொறந்து தொறந்து மூடுது. சொல்ல வந்தத சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

மீனைப் பக்கெட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பேங்க்காரர். அண்ணனும் தம்பியும் தூண்டில் போடுகிற அதே ஆற்றில் அவரும் தூண்டில் போடுகிறவர்தான். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, விலை உயர்ந்த கோலும் தொப்பியும் வாங்கி, பத்து வருடத்தில் பதினோரு மீன் பிடித்தவர். நேற்று அண்ணனைத் தூக்கிக்கொண்டு போகிற களேபரத்தில், கரையில் வலைக்குள் கிடந்த மீனை யாரும் பார்க்கவில்லை. அவர்தான், உயிரோடு இருக்கிறதே பாவம் என்று ஆற்றுத் தண்ணீர் மொண்டு அதைப் போட்டு எடுத்து வந்தார். நல்ல மனசு. ஆனால் வாய் நிற்காது. வாசலில் வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே வரைக்கும் கேட்டது.

"மூணே கால் கிலோ! அண்ணன் போன அதே நேரம், தம்பிக்கு ஆயுசுலயே பெரிய மீன். என்ன கணக்குன்னு பாருங்க!"

குழாய்க்காரர் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த ஊரில் முப்பத்தைந்து வருடம் குழாய் வேலை பார்த்தவர். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுவரில் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைப்பார். இங்கே உடை என்பார். உடைத்தால் அங்கேதான் கசிவு இருக்கும். மனிதர்கள் சொல்வதை அவர் நம்பியதில்லை. தண்ணீர் சொல்வதை நம்பினார்.

இப்போது அதுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

நேற்றுக் காலையில் நடந்தது இதுதான்.

ஆறு அந்த இடத்தில் இரண்டு மடுவாகத் தேங்கி நிற்கும். மேல் மடு அண்ணனுக்கு, கீழ் மடு தம்பிக்கு. நாற்பது வருடமாக அதுதான் பாகப்பிரிவினை; இந்த ஒரு பாகப்பிரிவினையில்தான் அவர்கள் சண்டை போடவில்லை. இரண்டு மடுவுக்கும் நடுவில் பாறைகளுக்கு ஊடே தண்ணீர் விழுந்து உடைகிற நீளமான இறக்கம். அதை இருவரும் 'இரைச்சல்' என்றே சொல்வார்கள். இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நிற்பவன் இந்தப் பக்கம் நிற்பவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான். பாறை மறைக்கும். குரல் மட்டும் வரலாம், வராமலும் போகலாம்.

இரைச்சல் சும்மா இரைவதில்லை. அதன் பக்கத்தில் மணிக்கணக்காக நின்றவர்களுக்குத் தெரியும். குழந்தை அழும். எங்கோ ரேடியோ பாடும். இரண்டு பெண்கள் சண்டை போடுவார்கள். எல்லாவற்றையும் விட அதிகமாக, நிற்கிறவனைக் கூப்பிடும்.

முதல் வருடம் இவர் கீழ் மடுவில் நிற்கும்போது 'தம்பி' என்று கேட்டது. அண்ணனின் குரலேதான். கோலைப் போட்டுவிட்டுப் பாறை மேல் ஓடினார். பாசி வழுக்கித் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மேலே அண்ணன் கல்லில் உட்கார்ந்து நிம்மதியாகத் தூண்டில் தகடு மாற்றிக்கொண்டிருந்தார். "நான் கூப்பிடவே இல்லையேடா," என்றார். அன்றைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது அண்ணன்தான் அந்த விதியைப் போட்டார்.

"இனிமே மூணு தடவை. மூணு தடவை கூப்பிட்டா நான். ஒண்ணோ ரெண்டோன்னா ஆறு. காதுல வாங்காதே."

கைவலை ஒன்றுதான். ஒரு வாரம் அண்ணனிடம், ஒரு வாரம் தம்பியிடம். வலை இல்லாதவனுக்குப் பெரிய மீன் விழுந்தால் மூன்று தடவை கூப்பிடுவான், மற்றவன் வலையோடு போவான். அந்த விதி ஒருநாளும் பொய்த்ததில்லை. அண்ணனுக்கு அதில் ஒரு விளையாட்டும் உண்டு. சில நாள் வேண்டுமென்றே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுவார். சாயங்காலம் சைக்கிளை மிதிக்கும்போது கேட்பார்: "கால் துடிச்சுதாடா?" தம்பி சொல்வார்: "துடிக்குமா? நான் என்ன உன் பொண்டாட்டியா?" ஒரு தடவை கூட அசைந்ததில்லை. அதில் அவருக்குப் பெருமை.

நேற்று வலை தம்பியிடம் இருந்தது.

ஏழரை மணி இருக்கும். தகட்டை எதிர்த்தண்ணீரில் சாய்வாக எறிந்திருந்தார். அண்ணன் செய்த தகடுதான். லேத் பட்டறையில் வேலை பார்த்த அண்ணன், பட்டறையில் மிஞ்சுகிற பித்தளைத் துண்டுகளை இலை மாதிரி வெட்டி, உருண்டைக் கல்லின் மேல் வைத்துத் தட்டிக் குழிவாக்கி, கம்பியில் கோத்து, முள் கட்டித் தருவார். தண்ணீரில் இழுத்தால் அது சுழலும். சின்ன மீன் ஒன்று பயந்து ஓடுகிற மாதிரி மினுக்கும். கொஞ்சம் அமிழவிட்டு, ஆறு தள்ளுகிற வேகத்தை விட ஒரு இம்மி அதிகமாகத் தூண்டில் நரம்பைச் சுற்ற வேண்டும். அப்போது தகடு சுழல்கிற அதிர்வு நரம்பு வழியாக வந்து விரலில் துடிக்கும்.

அந்தத் துடிப்பு விரலில் இருக்கும்போதுதான் கேட்டது.

'தம்பி.'

அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. தகடு வெறுமனே வந்து சேர்ந்தது. மறுபடி எறிந்தார்.

'தம்பி.'

நின்றார். காதைத் திருப்பினார். அவருக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வலது காதை இரைச்சல் பக்கம் கொடுத்து நின்றார். இரைச்சல் இரைந்தது. சரி, மூன்றாவது வரட்டும் என்று நினைத்தார். கிழவன் விளையாடுகிறான் என்றும் நினைத்தார். சும்மா நிற்பானேன் என்று தகட்டை எறிந்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது எறிதலில் அந்த மீன் அடித்தது.

கால் மணி நேரம் ஆனது அதை வலையில் வாங்க. பின்முதுகில் கரும்புள்ளிகள், விலாவில் சிவப்புப் பொட்டுகள். வாழ்நாளில் அப்படி ஒன்றை அவர் தொட்டதில்லை. முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தபோது உள்ளே இன்னொரு தகடு இருந்தது. பித்தளை. ஆணியால் குத்திய இரண்டு புள்ளிகள். அண்ணன் தன் தகடுகளில் மட்டும் வைத்துக்கொள்கிற அடையாளம். அதிலிருந்து ஒரு முழ நரம்பு தொங்கியது. அண்ணன் பிடித்து, அண்ணன் கோட்டைவிட்ட மீன்!

சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. வலையோடு அதைத் தூக்கிக்கொண்டு பாறை ஏறினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அண்ணன் அவருடைய தட்டைப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் குறுக்காகக் கோல். நரம்பு தளர்ந்து தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. கண் மடுவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, உன் பந்தியில சாப்பிட்டுட்டு என் பந்திக்கு வந்திருக்கு பாரு ஒரு விருந்தாளி. உங்கிட்ட சமையல் சரியில்லையாம்."

முழுதும் சொல்லிவிட்டார். சொல்லிச் சிரிக்கவும் செய்தார். அதற்குப் பிறகுதான் அண்ணனின் கண்ணோரத்தில் ஒரு பூச்சி உட்கார்ந்திருப்பதையும், கண் இமைக்காததையும் பார்த்தார்.

கழுத்தில் கயிறு கட்டி மாட்டியிருந்த நகவெட்டி அண்ணனின் வலது கையில் திறந்தபடி இருந்தது. தளர்ந்து ஓடிய நரம்பை இழுத்துப் பார்த்தார். நுனி பிய்ந்து சுருண்டிருக்கவில்லை. நேராக இருந்தது. வெட்டிய நுனி.

தூண்டில்காரன் உயிருள்ள மீனோடு நரம்பை வெட்ட மாட்டான். வெட்டினான் என்றால், இனி இழுக்க முடியாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வலை வராது என்றும் தெரிந்திருக்கிறது.

நெஞ்சுதான் என்றார் டாக்டர். பேங்க்காரர் அதை வாங்கி எல்லோருக்கும் சொன்னார்: "படக்குனு போயிருக்கும். ஒரு வலி தெரிஞ்சிருக்காது." குழாய்க்காரர் நகவெட்டியை மடக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே மேட்டில் இருந்தது. பெட்டி தூக்கியதில் முன்பக்கம் வலது தோள் அவருடையது. பழைய முறிவு விழுந்த தோள். குழிக்குள் இறக்கிய பிறகு எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். பெட்டியின் மேல் மண் விழுகிற சத்தத்தில் அவர் தலையைச் சாய்த்து, வலது காதைக் குழிப்பக்கம் கொடுத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பின்னாலிருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"சித்தப்பா," என்று அண்ணன் மகள் தோளைத் தொட்டாள். "என்ன கேக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

வீடு திரும்பியபோது மூன்றரை மணி. நாற்காலிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வாடகைக்கடை ஆட்கள் போய்விட்டார்கள். ஐஸ் பெட்டி நின்ற இடத்தில் தரை சதுரமாக ஈரமாக இருந்தது. குழாய்க்காரர் நேராகத் தொட்டிக்குப் போனார். மீன் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து, வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. வாயோரத்தில் பித்தளை மினுக்கியது. தன் தகட்டை அவர் நேற்றே கழற்றிவிட்டார். அண்ணனுடையதைக் கழற்றக் கை வரவில்லை. ஒரு முழ நரம்பு தாடி மாதிரி தண்ணீரில் ஆடியது.

அண்ணன் மகள் வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். நாற்பது வயது. வேறு ஊரில், காது பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஒவ்வொரு சத்தமாக விட்டு, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்லுகிற வேலை. சித்தப்பாவின் காதையும் ஒருமுறை அப்படிப் பார்த்திருக்கிறாள். இடது மந்தம், வலது இந்த வயசுக்கு அதிசயம் என்று எழுதிக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தை அவர் மடித்து வைத்திருக்கிறார்.

"இத ஆத்துல விட்டுட்டு வரச் சொல்றாங்க அம்மா. இன்னைக்கே."

"விட்டுடலாம்."

"கத்தி எடுக்க ஒருத்தருக்கும் மனசு வரல பாருங்க. பேங்க் அங்கிள் கூட குழம்புன்னு வாயத் தொறந்துட்டு, அம்மாவப் பாத்துட்டு மூடிக்கிட்டார்."

"அந்தாளு வாய் மூடினா அதுவே பெரிய விஷயம்."

அவள் லேசாகச் சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் இருவருக்கும் நடுவில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"சித்தப்பா. அப்பா கூப்பிடலையா?"

இந்தக் கேள்வியை நேற்றிலிருந்து எல்லார் வாயிலும் எதிர்பார்த்தார். யாரும் கேட்கவில்லை. இல்லை என்று சொல்ல அவர் வாய் தயாராகத்தான் இருந்தது.

"தெரியல," என்றார்.

"தெரியலன்னா? செவுத்துக்குள்ள சொட்டுறது கேக்கும் உங்களுக்கு. கூப்பிட்டாரா இல்லையான்னு தெரியாதா?"

"ரெண்டு தடவை ஏதோ கேட்டுச்சு."

அவளுக்கு அந்த விதி தெரியும். சின்ன வயதில் அதைச் சொல்லித்தான் அண்ணன் அவளைச் சிரிக்க வைப்பார். மாடியிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டால்தான் சாப்பிட வருவேன் என்று அவள் அடம் பிடித்திருக்கிறாள். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"மூணாவதுக்காக நின்னேன்."

"சும்மா நின்னீங்களா?"

"இல்ல." தொட்டியைக் காட்டினார். "இதப் பிடிச்சேன்."

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார். போகவில்லை. திட்டுவாள் என்று நினைத்தார். அதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். திறந்திருந்தது என்றார். நரம்பு வெட்டியிருந்தது என்றார். அவள் அதைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். டிக், டிக் என்று சின்னச் சத்தம்.

"எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் சத்தமே விடாதப்போ பொத்தான அமுக்குவாங்க சித்தப்பா," என்றாள் கடைசியில். "பொய் சொல்றதில்ல. அவங்களுக்கு நெஜமாவே கேக்கும். எதிர்பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தா கேக்கும்."

"நான் எதிர்பார்க்கல. நான் மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அப்ப சோதிச்சுப் பாத்துடலாம். அங்கேருந்து குரல் வருமா வராதா? வரலன்னா நீங்க கேட்டது ஆறு. அதோட விட்டுடலாம்."

"வந்தா?"

அவள் நகவெட்டியை மடக்கினாள்.

"பக்கெட்ட எடுங்க," என்றாள்.

ஆற்றங்கரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி. வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. தண்ணீர் மேல் அது இல்லை. நேற்று இத்தனை பேர் நடந்து மிதித்த புல் இன்னும் நிமிரவில்லை. வண்டிக் கதவைத் திறந்ததுமே இரைச்சல் கேட்டது. உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு இருமல், பிறகு வெறும் தண்ணீர்.

"யாராவது இருக்காங்களா மேல?"

"யாரும் இல்ல. அது அப்படித்தான்."

கீழ் மடுவின் ஓரத்தில் முட்டளவு தண்ணீரில் இறங்கினார். அவள் பக்கெட்டைச் சாய்க்க, மீனைக் கையில் வாங்கினார். இடுக்கியால் அண்ணனின் தகட்டைக் கழற்றினார். எதிர்பார்த்ததை விடச் சுலபமாக வந்தது. யாரோ உள்ளிருந்து கொடுக்கிற மாதிரி. மீனை எதிர்த்தண்ணீரைப் பார்க்க வைத்து இரண்டு கையாலும் தாங்கினார். ஓட விட்டாலும் ஓடவில்லை. அவர் கைக்குள்ளேயே நின்று செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் பூராவும் குழாய்த் தண்ணீரில் நின்ற மீன். போகத் தெம்பில்லையோ என்று நினைத்தார். பிறகு ஒரு திமிறு. இரைச்சலை நோக்கி, அதன் வெள்ளை நுரைக்குள், மேல் மடுவின் பக்கம் ஏறிப் போய்விட்டது.

"கீழ போகும்னு நெனச்சேன்," என்றாள்.

"நானும்."

அவளை நேற்றுத் தான் நின்ற இடத்திலேயே நிற்க வைத்தார். கைவலையை வைத்துக்கொள்ளக் கொடுத்தார்.

"எத்தனை தடவை கூப்பிடப் போறீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க," என்றாள் அவள். வேலைக் குரல். "மேல போய் ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு, உங்களுக்குத் தோணறப்போ கூப்பிடுங்க. கேக்கறப்போ நான் ஒரு வெரல மடக்கறேன். கேக்கலன்னா மடக்க மாட்டேன். என்னன்னு கூப்பிடுவீங்க?"

"அவர் கூப்பிடற மாதிரிதான்."

பாறை ஏறினார். இந்தத் தடவை மெதுவாக, கை ஊன்றி. தட்டைப் பாறை அப்படியே இருந்தது. நேற்று அண்ணன் சாய்ந்திருந்த இடத்தில் நின்றார். மேல் மடு கறுத்துக் கிடந்தது. நாற்பது வருடத்தில் இந்த இடத்தில் நின்று அவர் கீழ்ப்பக்கம் பார்த்ததே இல்லை. இங்கிருந்து பார்த்தால் இரைச்சலின் வாய் தெரியும். அதற்கப்பால் கீழ் மடுவில் ஒரு கைக்குட்டை அளவு வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தில்தான் தம்பியின் தகடு விழும் வட்டங்கள் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். எல்லா நாளும். நேற்றும். கூப்பிட்ட பிறகு விழுந்த மூன்று வட்டங்களும்.

அவர் இதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

"தம்பீ!"

தன் குரல் தனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர்தான் வீட்டில் கடைசி. யாரையும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. குரல் நுரையில் விழுந்து உடைந்த மாதிரி இருந்தது. நிச்சயம் போய்ச் சேர்ந்திருக்காது. நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. கொஞ்ச நேரம் விட்டு இன்னும் பலமாகக் கூப்பிட்டார்.

"தம்பீ!"

மூன்று தடவை என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். மூச்சை இழுத்தார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். திறந்தது, மூடியது. தொண்டையில் ஒன்றும் அடைக்கவில்லை, வலியும் இல்லை. உள்ளே அந்தச் சொல் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். பாறையில் உட்கார்ந்துவிட்டார். மடுவில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. வட்டம் விரிந்து விரிந்து பாறை வரைக்கும் வந்து தொட்டு அடங்கியது. அவர் எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. இரண்டே போதும் என்று எழுந்தார். இரண்டுக்கு என்ன வருகிறதென்று பார்ப்போம்.

இறங்கி வந்தபோது அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். இடது கையில் கைவலை. வலது கையை நெஞ்சுக்கு நேராக, பரிசோதனையில் பிடிப்பது போல, அசையாமல் பிடித்திருந்தாள். அவர் பக்கத்தில் வரும்வரை அதை இறக்கவில்லை.

கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"மூணு," என்றாள். கண் கலங்கியிருந்தது. அழவில்லை. "கேக்குது சித்தப்பா. என்ன பண்றது, கேக்குது. மொத ரெண்டும் கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, உங்க குரல்னு தெரிஞ்சுது. மூணாவதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டீங்க. நான் முடிஞ்சிடுச்சுன்னே நெனச்சேன். ஆனா அதுதான் தெளிவா வந்துச்சு. பக்கத்துல நின்னு கூப்பிட்ட மாதிரி." மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "அது மட்டும் அப்பா குரலாவே இருந்துச்சு. கூடப் பொறந்தவங்க இல்லையா. சரிதானே? மூணுதானே?"

குழாய்க்காரர் அந்த மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதான்," என்றார்.

அவள் கையிலிருந்த வலையை வாங்கினார். சிக்கியிருந்த ஒரு சருகை எடுத்துப் போட்டார். வலையின் வாயைக் கையால் தட்டி விரித்துச் சரிபார்த்தார், பெரிய மீனுக்குப் போகிறபோது செய்கிற மாதிரி.

"நீ போய் வண்டில உக்காரு. நான் இத மேல குடுத்துட்டு வந்துடறேன்."

அவள் வாயைத் திறந்தாள். அவர் பாறை வழியை விட்டு, குறுக்காகத் தண்ணீரிலேயே இறங்கி, வலையை நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, இரைச்சலின் ஓரமாக வேகமாக ஏறிப் போனார்.